இற்றைப்படுத்தலும் புதிய வன்பொருளும்: லினக்ஸ் கணினியிற் பழுது காணும் முறை

கணினி பழுதுற்றவிடத்து அதனைச் சீர்செய்ய முற்படுவோர் இரு திறத்தினர். கைக்கு எட்டியதையெல்லாம் மாற்றிப் பார்ப்போர் ஒரு திறத்தினர். பழுது எவ்விடத்தில் உண்டாயிற்று என்பதை முன்னர் நிச்சயித்துக்கொண்டு, பின்னர் அவ்விடத்தில் மாத்திரம் கைவைப்போர் மற்றொரு திறத்தினர். முதற் கூறிய திறத்தினரும் சில வேளைகளில் வெற்றி பெறுவதுண்டு. ஆயின், எதனால் வெற்றி பெற்றோம் என்பதை அவர் அறியார். ஆதலின் அப்பழுது மறுமுறை நேரும்போது பழையபடியே இருளில் தடவுவர். அன்றியும், பல மாற்றங்களை ஒருங்கே செய்துவிடுவதனால், ஒன்றாயிருந்த பழுதை மூன்றாக்கிவிடுதலும் உண்டு.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைப் பயன்படுத்துவோர்க்கு இத்தகைய இக்கட்டு பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில் நேர்கின்றது. ஒன்று, முறைமையை இற்றைப்படுத்திய பின். மற்றையது, புதிய வன்பொருளைப் பொருத்திய பின் அல்லது புதிய கணினியொன்றில் முறைமையை நிறுவும்போது. நேற்று வரை செவ்வனே இயங்கிய கணினி இன்று கருந்திரையுடன் நின்றுவிடும். அன்றேல், புதிதாக வாங்கிய மடிக்கணினியில் ஏனையவெல்லாம் இயங்க, வைபை மாத்திரம் இயங்காதிருக்கும். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவனின் குறிப்புகளும், ஓர் ஆசிரியரின் பல்லாண்டு உழைப்பும் அக்கணினியினுள்ளே அடங்கியிருக்கக்கூடும். அவசரப்பட்டு வன்தட்டு முழுவதையும் அழித்து முறைமையைப் புதிதாக நிறுவுவோர், எளிதில் மீட்கக்கூடியதாயிருந்த பொருளைத் தாமே அழித்துவிடுகின்றனர். இவ்விரு சந்தர்ப்பங்களிலும் உண்மையில் நிகழ்வது யாது, பழுதின் இடத்தைக் காணும் வழி யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு அடுக்குகள்

பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தொர்வால்ட்ஸ் என்பார், தாம் ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கி வருவதாக 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆந் திகதி அறிவித்தார். அவர் ஆக்கியது முறைமை முழுவதுமன்று. 'கேர்னெல்' எனப்படும் கருவே. அக்கருவைச் சூழப் பிறர் ஆக்கிய பல மென்பொருள்களையும் சேர்த்துப் பொதிகளாக வழங்குவனவே உபுண்டு, டெபியன், பெடோரா முதலிய வழங்கல்கள். ஆகவே, 'லினக்ஸ் பழுதாயிற்று' என்று பொதுப்படக் கூறுவது, 'உடம்பு சரியில்லை' என்று வைத்தியரிடம் கூறுவதை ஒக்கும். எவ்வுறுப்பு என்பது தெரிதல் வேண்டும்.

நமது நோக்கத்திற்கு ஒரு கணினியை நான்கு அடுக்குகளாகக் கொள்ளுதல் போதும். முதலாவது, வன்பொருளும் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள தொடக்க மென்பொருளும். இரண்டாவது, கருவை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைக்கும் ஏற்றி. 'கிரப்' என்பது பெரிதும் வழக்கிலுள்ளது. மூன்றாவது, கருவும் அதனோடு இணைந்த செலுத்திகளும். நான்காவது, திரைச் சாளரங்கள், இணைய உலாவி, எழுத்துச் செயலி முதலாக நாம் கண்ணாற் கண்டு பயன்படுத்துவன. கணினி தொடங்கும்போது இவை இம்முறையே ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழுகின்றன.

இவ்வொழுங்கை மனத்திற் கொண்டால், கணினி எவ்விடத்தில் நின்றது என்பதே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். உற்பத்தியாளரின் சின்னமே திரையில் தோன்றாவிடின், லினக்ஸைக் குறை கூறுதல் பொருந்தாது. மின்வழங்கி, நினைவகம், திரை, இணைப்புகள் ஆகியவற்றையே பார்த்தல் வேண்டும். சின்னம் தோன்றி, கருவைத் தெரிவு செய்யும் பட்டியல் தோன்றாவிடின், ஐயம் ஏற்றியின்மீது செல்லும். பட்டியலிற் கருவைத் தெரிந்த பின் எழுத்துகள் ஓடி இடையில் நின்றால், கரு, செலுத்தி, வன்தட்டு ஆகிய மூன்றில் ஒன்றைச் சார்ந்ததாகும். கடவுச்சொல்லைக் கேட்கும் திரை தோன்றி, சரியான சொல்லை இட்ட பின்னும் அத்திரையே மீண்டும் வருமாயின், கரு நலமாகவே இருக்கின்றது. திரைச் செலுத்தியையோ, வன்தட்டில் இடம் முற்றாக நிறைந்துவிட்டதா என்பதையோ ஆராய்தல் வேண்டும்.

புதிய வன்பொருளைக் கரு அறியுமாறு

விண்டோஸ் முறைமையில் ஒரு சாதனத்தை வாங்கினால் அதற்குரிய செலுத்தியை அதன் உற்பத்தியாளரே தருவது வழக்கம். லினக்ஸின் வழக்கம் வேறு. செலுத்திகளுள் மிகப் பெரும்பாலானவை கருவின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன. கருவின் புதிய பதிப்பு வெளிவரும்போது அவையும் உடன் வெளிவருகின்றன. இதனால் விளையும் நன்மை பெரிது. பத்தாண்டு பழைமையான சாதனமொன்றைப் பொருத்தினாலும், எதனையும் தேடி அலையாது அது உடனே இயங்குதலைக் காணலாம். இதனால் விளையும் இடரும் ஒன்றுண்டு. கரு வெளிவந்த பின்னர்ப் பிறந்த சாதனத்தை அக்கரு அறியாது.

அறிதல் என்பது எங்ஙனம் நிகழ்கின்றது? தாய்ப்பலகையில் அல்லது யூ.எஸ்.பி. வாயிலிற் பொருத்தப்படும் ஒவ்வொரு சாதனமும் இரண்டு எண்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஒன்று உற்பத்தியாளரைக் குறிப்பது. மற்றையது அச்சாதனத்தின் வகையைக் குறிப்பது. இவை பதினாறடி எண்முறையில் நான்கு இலக்கங்களாக எழுதப்படும். இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. ஒவ்வொரு செலுத்தியும் தான் இயக்கவல்ல சாதனங்களின் எண்களை ஓர் அட்டவணையாக வைத்திருக்கின்றது. சாதனம் தன் எண்ணைக் கூற, எந்த அட்டவணையில் அவ்வெண் உள்ளதோ அந்தச் செலுத்தி அதனைப் பொறுப்பேற்கின்றது. எந்த அட்டவணையிலும் இல்லையாயின், சாதனம் பழுதற்றதாயிருந்தும் வாயிலில் நிற்கும் அந்நியனாகவே இருந்துவிடும்.

ஓர் உதாரணம் கூறுவாம். இன்ரெல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ். 200 என்னும் வைபை அட்டைக்கு 5.1 அல்லது அதற்குப் பிந்திய கரு வேண்டும், ஏ.எக்ஸ். 210 என்னும் அட்டைக்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 2020 ஏப்ரிலில் வெளிவந்த உபுண்டு 20.04 முதலில் 5.4 என்னும் கருவையே கொண்டிருந்தது. அதனை ஏ.எக்ஸ். 210 உள்ள மடிக்கணினியில் நிறுவியவன் வைபையைக் காணாது, அட்டை பழுதென்று கடைக்காரரோடு வழக்காடியிருப்பின், அவ்வழக்கில் இருவரும் குற்றமற்றவரே. கருவின் பதிப்பெண் ஒன்றே குற்றவாளி.

ஆகவே, புதிய சாதனம் இயங்காதபோது கேட்கவேண்டிய முதல் வினா, 'என் கருவின் பதிப்பு யாது?' என்பதாகும். 'யூ-நேம்' என்னும் கட்டளை அதனைக் கூறும். 'எல்-எஸ்-பி-சி-ஐ', 'எல்-எஸ்-யூ-எஸ்-பி' என்னும் கட்டளைகள் பொருத்தப்பட்ட சாதனங்களையும் அவற்றின் எண்களையும் கூறும்; இவற்றுள் முன்னையதன் மூலம் எந்தச் சாதனத்தை எந்தச் செலுத்தி பொறுப்பேற்றுள்ளது என்பதையும் அறியலாம். சாதனம் பட்டியலில் உண்டு, செலுத்தி இல்லை என்றால், தேவைப்படுவது புதிய கருவே. சாதனம் பட்டியலிலேயே இல்லை என்றால், அது சரியாகப் பொருந்தவில்லை, அல்லது தொடக்க மென்பொருளில் முடக்கப்பட்டுள்ளது, அல்லது உண்மையிலேயே பழுது.

புதிய கருவைப் பெறுதற்கு முறைமை முழுவதையும் மாற்றவேண்டுவதில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் பிந்திய கருக்கள் இடையிடையே வழங்கப்படுகின்றன. 22.04 என்னும் பதிப்பு 2022 ஏப்ரிலில் 5.15 என்னும் கருவோடு வெளிவந்தது. அதே பதிப்புக்கு 2023 பெப்ரவரியில் 5.19 என்னும் கருவும், பின்னர் 6.2, 6.5, 6.8 என்பனவும் கிடைத்தன. டெபியனைப் பயன்படுத்துவோர்க்கும் இத்தகைய ஒரு வழி உண்டு. புதிய கணினியை வாங்குமுன், அல்லது அதிலே முறைமையை நிறுவுமுன், யூ.எஸ்.பி. கோலிலிருந்தே முறைமையை இயக்கி, வைபை, ஒலி, திரை, உறங்கி எழுதல் ஆகிய நான்கையும் சோதித்தல் நன்று. வன்தட்டில் ஓரெழுத்தும் எழுதாமலே விடை கிடைத்துவிடும்.

செலுத்தி இருந்தும் சில சாதனங்கள் இயங்குவதில்லை. வைபை அட்டைகளும் வரைபட அட்டைகளும் தம்முள்ளே சிறு செயலிகளைக் கொண்டவை. அச்செயலிகளுக்குரிய நிரலைக் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பிலிருந்து ஊட்டவேண்டும். இதுவே நிலைபொருள் எனப்படுவது. அதன் மூலநிரலை உற்பத்தியாளர் பெரும்பாலும் வெளியிடாமையால், டெபியன் நீண்ட காலமாக அதனைத் தன் அதிகாரபூர்வ நிறுவற் கோலிற் சேர்க்கவில்லை. 2022இல் நடந்த வாக்கெடுப்பின் பின்னர், 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 முதலாக அது சேர்க்கப்படுகின்றது. கருவின் பதிவேட்டில், இன்ன கோப்பைக் காணோம் என நிலைபொருளைப் பற்றிய வரியொன்று காணப்படின், வேண்டிய மருந்தின் பெயரை நோயாளியே கூறிவிட்டான் என்று கொள்ளலாம்.

இற்றைப்படுத்தலால் நேரும் பழுதுகள்

இற்றைப்படுத்தியபின் நேரும் பழுதுகள் பெரும்பாலும் ஐந்து வகைப்படும்.

முதலாவது, இடையில் முறிதல். பொதிகளை விரித்து நிறுவிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால், சில பொதிகள் புதியனவும் சில பழையனவும் சில அரைகுறையுமாக நின்றுவிடும். 2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தை அறிந்தோர்க்கு இது விளக்கவேண்டுவதன்று. இதற்கு மருந்து எளிது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'டி-பி-கே-ஜி' என்னும் பொதி மேலாளரிடம், அமைப்பு முற்றுப்பெறாத பொதிகளையெல்லாம் முற்றுவிக்குமாறு கட்டளையிடலாம். வழக்கமான முறையிற் கணினி தொடங்காவிடினும், கிரப் பட்டியலிலுள்ள மீட்புநிலையிற் புகுந்து இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, இடமின்மை. கருக்கள் வைக்கப்படும் 'பூட்' என்னும் பகுதி சில கணினிகளிற் சிறிதாகத் தனியே பிரிக்கப்பட்டிருக்கும். பழைய கருக்கள் நீக்கப்படாது தேங்கினால், புதிய கரு முழுமையாக எழுதப்படாது போகும். பயன்படாத பழைய கருக்களை நீக்குக. ஆனால் இப்போது இயங்கும் கருவையும், நலமாக இயங்கியதென அறியப்பட்ட முந்திய கரு ஒன்றையும் ஒருபோதும் நீக்கற்க.

மூன்றாவது, புறச் செலுத்தி பின்தங்குதல். என்விடியா நிறுவனத்தின் வரைபடச் செலுத்தி போன்ற சில, கருவோடு சேர்ந்து வளர்வனவல்ல, வெளியிலிருந்து இணைக்கப்படுவன. ஒவ்வொரு புதிய கருவுக்கும் அவை புதிதாகத் தொகுக்கப்படல் வேண்டும். அத்தொகுப்பு யாதேனும் காரணத்தால் தவறினால், புதிய கரு எழும், திரை எழாது. கிரப் பட்டியலில் அக்கருவுக்குரிய வரியோடு 'நோ-மோட்-செற்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தொடக்கினால், வரைபடச் செலுத்தியின் உதவியின்றி எளிய திரையொன்று கிடைக்கும். அதிலிருந்து செலுத்தியை மீளத் தொகுக்கலாம்.

நான்காவது, கையொப்பம் மறுக்கப்படுதல். அண்மைக் காலக் கணினிகளில், நம்பத்தக்க கையொப்பம் இல்லாத நிரலைத் தொடக்கத்தில் ஏற்காத 'பாதுகாப்பான தொடக்கம்' என்னும் ஏற்பாடு உண்டு. மேற்கூறிய புறச் செலுத்திகளை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்ளுமாறு முறைமை கேட்பதும், அடுத்த தொடக்கத்தில் நீலத்திரையொன்று தோன்றுவதும் இதன் பொருட்டே. அத்திரையில் அக்கடவுச்சொல்லை இட்டுச் சாவியைப் பதிவு செய்யாது கடந்து செல்வோர், செலுத்தி ஏன் இயங்கவில்லை எனப் பின்னர் வியப்பர்.

இவ்வேற்பாட்டால் 2024 ஓகஸ்டில் ஒரு பெருங் குழப்பம் நேர்ந்தது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்தோர் பலர், விண்டோஸின் ஓகஸ்ட் 13ஆந் திகதி இற்றைப்படுத்தலின் பின், பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்னும் வாசகத்துடன் லினக்ஸ் தொடங்காது நிற்பதைக் கண்டனர். குறையுள்ள பழைய ஏற்றிகளைத் தடுக்கும் நோக்கோடு வெளியிடப்பட்ட கட்டளை, இரு முறைமைக் கணினிகளைத் தொடாது விடவேண்டியது, சிலவற்றைத் தொட்டுவிட்டது. லினக்ஸின் எந்தக் கோப்பும் கெடவில்லை. தொடக்க மென்பொருளிற் பாதுகாப்பான தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸினுட் புகுந்து, அக்கட்டளையை நீக்கி, ஏற்றியை இற்றைப்படுத்தி, மீண்டும் அதனை இயக்கியோர் ஒரு கோப்பையும் இழக்கவில்லை. விண்டோஸ் பகுதி மறைக்குறியிடப்பட்டிருப்பின், இவ்வாறு நிறுத்துமுன் அதன் மீட்புச் சாவியைக் கைவசம் வைத்திருத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, புதிய பதிப்பே குறையுடையதாதல். இது அரிதே எனினும் இல்லாததன்று. 2022 இலையுதிர் காலத்தில் வெளிவந்த 5.19.12 என்னும் கரு, இன்ரெல் வரைபடம் உள்ள சில மடிக்கணினிகளின் திரையை வெண்மையாக மின்னச் செய்தது; திரைக்கே கேடு விளையலாம் என்று இன்ரெல் பொறியியலாளர் எச்சரித்தனர். சில நாள்களில் 5.19.13 வெளிவந்து அக்குறை நீக்கப்பட்டது. 2023 டிசம்பரில் நேர்ந்தது இதனினும் கொடிது. 6.1.64 என்னும் கருவில், பிந்திய கருவொன்றிலிருந்து கோப்பு முறைமை பற்றிய திருத்தமொன்று எடுத்துச் சேர்க்கப்பட்டது. அத்திருத்தம் சார்ந்திருந்த மற்றொரு திருத்தமோ சேர்க்கப்படவில்லை. அதனால் வன்தட்டில் எழுதப்படுந் தரவுகள் சிதைய இடமுண்டாயிற்று. வெளியாகவிருந்த டெபியன் 12.3இன் வெளியீட்டை அதன் பொறுப்பாளர் இடைநிறுத்தி, இற்றைப்படுத்தாதிருக்குமாறு மக்களை வேண்டி, டிசம்பர் 10ஆந் திகதி திருத்தப்பட்ட கருவோடு 12.4ஐ வெளியிட்டனர். மிகுந்த நிதானமுடையதெனப் பெயர் பெற்ற வழங்கலுக்கும் இது நேர்ந்ததென்பதைச் சிந்தித்தல் வேண்டும். தரவுகளின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் வைத்திருத்தலுக்கு ஈடான காப்பு எதுவுமில்லை. ஆய்வுகூடத்தில் முப்பது கணினிகள் இருப்பின், முப்பதையும் ஒரே நாளில் இற்றைப்படுத்தாது, ஒன்றை இற்றைப்படுத்திச் சில நாள் பார்த்து, பின் ஏனையவற்றைத் தொடுதல் அறிவுடைமை.

இக்குறைகளுக்கு அஞ்சி இற்றைப்படுத்தலையே கைவிடுதல் தீர்வாகாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அவ்வழியே என்பதை மறத்தலாகாது.

பழுதின் இடத்தைக் காணுதல்

இனி, ஆராயும் ஒழுங்கைக் கூறுவாம். இறுதியாக நலமாயிருந்தது எப்போது, அதன்பின் மாறியது யாது என்பதை முதலிற் கடதாசியில் எழுதுக. அடுத்து, பழைய கருவைத் தொடக்கிப் பார்க்க. கணினி எழும்போது, அதன் வகைக்கேற்ப 'ஷிப்ட்' அல்லது 'எஸ்கேப்' விசையை அழுத்தினால் கிரப் பட்டியல் தோன்றும். மேலதிகத் தெரிவுகள் என்பதனுள்ளே முந்திய கருக்கள் இருக்கும். ஏனைய அனைத்தும் மாறாதிருக்க ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்க்கும் பரிசோதனை இது. பழைய கரு நலமாக இயங்கினால், வன்பொருள் பெரும்பாலுங் குற்றமற்றது. ஐயம் புதிய கருவின்மீது குவியும். பழைய கருவிலும் அப்பழுதே இருந்தால், கருவை விட்டு வேறிடந் தேடுக. உபுண்டு, டெபியன், பெடோரா ஆகியன பழைய கருவைத் தாமே வைத்திருக்கும். ஆர்ச் என்னும் வழங்கல் அவ்வாறு வைத்திருப்பதில்லை. அதனைப் பயன்படுத்துவோர் நீண்டகால ஆதரவுக் கருவொன்றையும் உடன் நிறுவி வைத்தல் வேண்டும்.

அதன்பின் பதிவேட்டைப் படிக்க. 'டி-மெசேஜ்' என்னும் கட்டளை, கணினி எழுந்தது முதல் கரு கூறியவற்றையெல்லாம் நேரக் குறிப்போடு காட்டும். நிலைத்துப்போய் நிறுத்தப்பட்ட முந்திய தொடக்கத்தின் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மலைத்தல் வேண்டா. நலமான கணினியிலும் சில எச்சரிக்கைகள் காணப்படும். பழைய கருவின் பதிவேட்டில் இல்லாததும் புதியதில் உள்ளதுமான வரியே கருதற்பாலது.

கருவை ஆக்குவோர் இம்முறையையே மேலும் நுட்பமாகக் கையாளுகின்றனர். ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஒவ்வொரு கருவிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் உள. அவற்றுட் குற்றமுள்ள ஒன்றைக் காண்பதெங்ஙனம்? நலமான பதிப்புக்கும் பழுதான பதிப்புக்கும் நடுவிலுள்ளதை எடுத்துச் சோதிப்பர். அது நலமாயின் குற்றம் பிற்பாதியில், பழுதாயின் முற்பாதியில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், 16,384 திருத்தங்களுள் ஒன்றைப் பதினான்கே சோதனைகளிற் கண்டுவிடலாம்; இரண்டின் பதினான்காம் அடுக்கு அவ்வெண் ஆதலின் என்க. தொர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய 'கிற்' என்னுங் கருவியில் இதற்கெனத் தனிக் கட்டளையே உண்டு. கணித வகுப்பிற் பயின்ற அடுக்கு இங்கே கைத்தொழிலுக்கு உதவுகின்றது.

வன்பொருளே பழுதாயிருத்தலும் உண்டு. அதனை வேறுபடுத்தியறியப் பயன்படும் குறியொன்று கூறுவாம். மென்பொருட் பழுது பெரும்பாலும் ஒரே செயலின்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும். நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றாலாய பழுதோ இன்று ஒரு செயலில், நாளை வேறொரு செயலில் எனத் திரியும். இவ்வாறு திரியும் பழுதைக் கண்டால், நினைவகத்தைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்' என்னும் நிரலை ஓரிரவு முழுதும் ஓடவிடுக. ஒரு பிழை காட்டினும் நினைவகத்தை ஐயுறுக. புதிதாகப் பொருத்திய நினைவகத் தட்டு வாயிலிற் சரியாக அமராதிருத்தலும் உண்டு. கழற்றி மீளப் பொருத்துதலே சில வேளைகளிற் போதும்.

பிறரிடம் உதவி நாடுவோர் தம் பழுதைக் கூறும் முறையிலும் இவ்வொழுங்கு வேண்டும். கணினியின் வகை, வழங்கலின் பெயர், நலமாயிருந்த கருவின் எண், பழுதான கருவின் எண், சாதனத்தின் இரு எண்கள், பதிவேட்டின் உரிய வரிகள், இதுவரை செய்து பார்த்தவை ஆகிய ஏழையும் எழுதியனுப்பினால், உலகின் எம்மூலையிலுள்ள வல்லுநரும் விடை கூறமுடியும். லினக்ஸ் கருவின் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. அதனைத் திருத்துவோரும் பல தேசத்தவர். தெளிவாக எழுதப்பட்ட முறைப்பாடு ஒன்று பழுதைத் திருத்தும் வேலையிற் பெரும்பகுதியை முடித்துவிடுகின்றது. கணினி கற்கும் நம் கல்லூரி மாணாக்கர் அத்தகைய முறைப்பாடு ஒன்றை எழுதிப் பழகுவராயின், அவர் அனுப்பும் அச்சிறு குறிப்பினால் தாம் அறியாத பல்லாயிரம் பேரின் கணினிகளும் சீர்பெறக்கூடும்.